வைக்கோலும் யூரியாக் கட்டியும்: வத்தளையில் மாடு வளர்க்கும் அனுபவம்

கொழும்புக்குப் பக்கத்தில் மாடு வளர்ப்பவர்களுக்குப் புல்தான் பெரிய தலையிடி. வத்தளையில் வெறுமனே கிடந்த காணிகளெல்லாம் வீடாகிவிட்டன. முத்துராஜவெல சதுப்புநில ஓரத்தில் வெட்டுகிற புல் போதாத மாதங்களில், பொலன்னறுவையிலிருந்து லொறியில் வரும் வைக்கோலே கதி. அந்த வைக்கோலுக்காகத்தான் சில வருடங்களாக யூரியாவும் மொலாசஸும் (சீனி ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு) சேர்ந்த கட்டியை மாடுகள் நக்குவதற்கு வைத்து வருகிறேன்.

மொலாசஸ், தவிடு, உப்பு, தாதுக்கள், இறுகுவதற்குக் கொஞ்சம் சீமெந்து, ஏறக்குறைய 10 வீதம் யூரியா. இவ்வளவும் சேர்ந்ததுதான் கட்டி. "உரத்தையா மாட்டுக்குக் குடுக்கிறாய்?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வைக்கோலின் நாரை உடைப்பது மாடு அல்ல, அதன் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள். அவை பெருக நைதரசன் வேண்டும். வைக்கோலில் புரதம் 3 முதல் 5 வீதம்தான். தீவனத்தில் 7 வீதத்துக்குக் கீழே போனாலே அவை மந்தமாகிவிடும். தின்றது வயிற்றிலேயே கிடக்கும், மாடு அடுத்த பிடிக்கு வாய் வைக்காது. அந்தக் குறையைத்தான் யூரியா நிரப்புகிறது.

பால் கூடியதா? கொஞ்சம். விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. நான் பார்த்த பெரிய மாற்றம் தொட்டியிலும் சாணத்திலும்தான். வைக்கோல் மிச்சம் கிடப்பது குறைந்தது, சாணத்தில் முழுசாக வந்த நார் குறைந்தது, கன்று போட்ட மாடுகள் முன்போல உடம்பு இறங்கவில்லை. இளம் பச்சைப்புல் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் கட்டி வீண் செலவு. அப்போது உப்பும் தாதுக்கலவையும் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. கட்டி நக்குவதற்கு மட்டுமே. உடைத்துப் போட்டாலோ, மழைத் தண்ணீரில் கரைந்ததை மாடு குடித்தாலோ அமோனியா ஏறி உயிரே போகலாம். கூரைக்குக் கீழே வையுங்கள், முதலில் வைக்கோல் தின்னவிட்டுப் பிறகு காட்டுங்கள். ஆறு மாதம் ஆகாத கன்றுக்கு வேண்டாம். பன்றிக்கும் ஆகாது.

2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்களே, அப்போது யூரியாவைக் கண்ணாலும் காணவில்லை. வேலியில் நின்ற கிளிசரியாதான் கைகொடுத்தது. அதன் இலையில் புரதம் 20 வீதத்துக்கு மேல். வாசத்துக்கு மாடுகள் முதலில் முகத்தைத் திருப்பின. வெட்டி வாடவிட்டு, வைக்கோலோடு கலந்து போட்டதும் பழகிவிட்டன. தடை நீங்கி யூரியா வந்த பிறகும் அதை நான் விடவில்லை. காசில்லாமல் வளர்கிறதை ஏன் விட வேண்டும்?

அப்புறம் தீவனத்தில் கலக்கவென்று விற்கும் ஈஸ்ட் பக்கெட். அதையும் கொடுத்துப் பார்த்தேன், வைக்கோல் தின்னும் என் மாடுகளில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தானியத் தீவனம் அதிகம் கொடுக்கும் பெரிய பண்ணைக்காரருக்கு உதவலாம். அந்தக் காசுக்கு நான் தேங்காய்ப் புண்ணாக்கு வாங்குவேன்.