மோஷன் டெஸ்ட்டுக்கு வேளச்சேரில ஒரு உருப்படியான லேப்

விஜயநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு சந்துல மாடியில இருக்கு. ஏசி கிடையாது, நாலு பிளாஸ்டிக் சேர், அவ்ளோதான். ஆனா வயித்துல பூச்சி, அமீபியா, விடாத லூஸ் மோஷன் இதுக்கெல்லாம் டெஸ்ட் எழுதிக் குடுத்தா நேரா இங்க போங்க, ஆப்ல ஹோம் கலெக்‌ஷன் புக் பண்ணாதீங்க.

ஏன்னா எங்க வீட்டுக்காரருக்கு மழை சீசன்ல (சம்ப்ல சாக்கடை தண்ணி இறங்கிருச்சு, எங்க ஃபிளாட்ல வருஷா வருஷம் இதே கூத்து) வயிறு சரியில்லாம போய், முதல்ல ஒரு பெரிய லேப்லேந்து ஆள் வந்து டப்பாவை வாங்கிட்டுப் போனாரு, அது ஊரெல்லாம் சுத்தி எப்போ மைக்ராஸ்கோப்புக்குப் போச்சோ தெரியல, ரிப்போர்ட் மட்டும் கலர்ல நார்மல்னு வந்துச்சு. தண்ணியா போற மோஷன்ல உயிரோட நெளியுற அமீபாவைப் பாக்கணும்னா அரை மணி நேரத்துக்குள்ள பாத்தாகணும், லேட்டானா செத்து உருத்தெரியாம போயிடும். இங்க லேப் அக்கா டப்பாவை வாங்கின கையோட ஸ்லைடு போட்டுட்டாங்க. அன்னைக்கு ஒண்ணும் தெரியல, "ஒரு நாள் விட்டு இன்னொரு தடவை குடுங்கமா, ஜியார்டியாங்கற குடல் கிருமி எல்லாம் தினமும் வெளிய வராது"ன்னாங்க, அடுத்த சாம்பிள்ல அதேதான் இருந்துச்சு. தண்ணி என்ன குடிக்கிறீங்கன்னும் கேட்டாங்க. குளோரின் போட்டாலும் ஜியார்டியா முட்டை ஓடு மாதிரி ஒரு கூட்டுக்குள்ள தாக்குப்பிடிக்குமாம், ஆனா தண்ணி தளதளன்னு 1 நிமிஷம் கொதிச்சா காலி.

பொண்ணுக்கு ராத்திரி ஆனா பின்னாடி ஒரே அரிப்பு. மாமியார் மைசூர்பாவை ஒளிச்சு வச்சாச்சு. நான் டப்பாவோட போனா அக்கா காசே வாங்கல, கீரிப்பூச்சிக்கு மோஷன் பாத்தா பெரும்பாலும் தெரியாதாம், அது ராத்திரில வெளிய வந்து ஆசனவாய் ஓரத்துல தான் முட்டை போடும், அதனால காலைல கழுவுறதுக்கு முன்னாடி செல்லோடேப் ஒட்டி எடுத்து ஸ்லைடுல ஒட்டிக் கொண்டாங்கன்னு ஸ்லைடும் குடுத்தாங்க. இனிப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, நகத்துலயும் பெட்ஷீட்லயும் இருக்கற முட்டை வாய்க்குள்ள போறதுதான் விஷயம்னு மாமியாருக்கு ஃபோன்லயே கிளாஸ் எடுத்தாங்க.

ஸ்கூல்ல தான் பூச்சி மாத்திரை குடுக்கறாங்களேன்னு நானும் கேட்டேன். 2015லேந்து பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10னு 1 முதல் 19 வயசு வரைக்கும் ஃப்ரீயா குடுக்கற அதே அல்பெண்டசோல் தான், ஆனா அது முக்கியமா மண்ணு வழியா வர்ற உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழுக்காக (உலகத்துல சுமார் 150 கோடி பேருக்கு இது இருக்குங்குது உலக சுகாதார நிறுவனம்). கீரிப்பூச்சின்னா வீட்ல எல்லாரும் சேர்ந்து சாப்பிடணும், 2 வாரம் கழிச்சு திரும்பவும். டாக்டரும் அப்படியே தான் எழுதிக் குடுத்தாரு.

குறைன்னா, ரிப்போர்ட் வாட்ஸப்ல அனுப்ப மாட்டாங்க, நேர்ல தான் போகணும். சாம்பிள்ல யூரின் கலந்திருந்தா எல்லார் முன்னாடியும் சத்தமா சொல்லி திருப்பி அனுப்புவாங்க, கொஞ்சம் கூச்சமா இருக்கும். பார்க்கிங் சுத்தமா இல்ல. 5க்கு 4 குடுக்கறேன். காலைல சீக்கிரம் போங்க, பதினோரு மணிக்கு மேல சுகர் டெஸ்ட் கூட்டம் வந்துடும், அப்புறம் உங்க டப்பாவும் வெயிட்டிங் தான்.