230 மில்லிமீட்டர் கண்ணாடி டோம் போர்ட்: ஒரு மதிப்பீடு

நீருக்கடியில் தட்டையான போர்ட்டுக்கு (கேமராவின் நீர்புகா உறையில் லென்ஸுக்கு முன்னுள்ள ஒளிபுகும் சாளரம்) பின்னால் அகலக்கோண லென்ஸைப் பொருத்தினால், ஒளிவிலகலால் காட்சி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகி, லென்ஸின் கோணம் சுருங்கிவிடும். அந்தக் கோணத்தை மீட்டுத் தருவதே குவிமாட வடிவப் போர்ட்டான டோமின் வேலை. ஆனால் டோமும் நீரும் சேர்ந்து தொலைவிலுள்ள பொருளுக்குக்கூட மிக அருகில் ஒரு மாயபிம்பத்தை (பொருள் அங்கேயே இருப்பதுபோல் லென்ஸுக்குத் தோன்றும் பிம்பம்) உருவாக்குகின்றன. கண்ணாடியிலிருந்து அதன் தூரம் வளைவு ஆரத்தைப்போல் சுமார் 3 மடங்கு என்பதால், 230 மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்த அரைக்கோள டோமில் அது ஏறத்தாழ 35 சென்டிமீட்டரில் அமைகிறது. சிறிய டோம்களில் பிம்பம் இன்னும் நெருங்கி, அதிகமாக வளைவதால்தான் ஓரங்கள் மங்குகின்றன. இதில் எஃப்/8 லென்ஸ் துளை அளவிலேயே மூலைகள் ஏற்கத்தக்க தெளிவுடன் வந்தன. டோமுக்கும் உறைக்கும் இடையே பொருத்தும் நீட்டிப்பு வளையம் சரியாக அமையாவிட்டால் மட்டும் இந்த ஆதாயம் முழுவதும் வீணாகும்.

சூரியனைச் சட்டகத்துக்குள் வைத்து எடுக்கும்போது, எதிரொளி தடுக்கும் பூச்சு தன் மதிப்பை நன்றாகவே காட்டுகிறது. கண்ணாடியில் எளிதில் கீறல் விழுவதில்லை. விழுந்தால், அக்ரிலிக்கைப் போல வீட்டிலேயே தேய்த்துச் சரிசெய்யவும் இயலாது. கரையில் தோளை வருத்தும் எடை, நீருக்குள் டோமின் மிதப்பை ஓரளவு ஈடுகட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. விலை அதிகம்தான். மிக அகலமான கோணத்தை வளைவாகக் காட்டும் மீன்கண் லென்ஸ் மட்டுமே பயன்படுத்துபவர்களுக்கு இவ்வளவு பெரிய டோம் தேவையில்லை. பொருளை ஒட்டி எடுப்பதற்குச் சிறியதே வசதி.