பெரிய அலைக்கு எந்த போர்டு? ஏழு வருடமாகப் பயன்படுத்திப் பார்த்ததில்

கோவளத்தில் சர்ஃபிங் கற்கத் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. கடைசி நான்கு வருடமாக ஜூலையில் பத்து நாள் இலங்கையின் அறுகம்குடாவுக்கும் போய் வருகிறேன். இடுப்பளவு அலையில் பழகிய ஒருவர், தலைக்கு மேல் எழும் அலைக்குப் போகும்போது எந்த போர்டை எடுப்பது என்று குழம்புவார். நானும் குழம்பினேன், பணமும் செலவழித்தேன். என் எடை 72 கிலோ. கீழே சொல்லும் அளவுகளை அதோடு சேர்த்துப் படியுங்கள்.

முதல் போர்டு 8 அடி ஃபோம். கற்றுக்கொள்ள இதைவிட நல்லது இல்லை. மார்பளவு அலை வரைக்கும் சரி. அதற்கு மேல் போனால் இதை அலைக்கு அடியில் அமுக்கி டக் டைவ் செய்ய முடியாது. ஒவ்வொரு நுரை அலையும் நம்மைக் கரைக்கே திருப்பி அனுப்பும்.

இரண்டாவதாக வாங்கியது 6 அடி எபாக்ஸி ஷார்ட்போர்டு, கன அளவு 30 லிட்டர். எபாக்ஸி என்பது எடை குறைந்த பிசின் பூச்சு. கோவளத்தில் நன்றாகவே ஓடியது. அதே போர்டோடு அறுகம்குடாவில் மெயின் பாயிண்ட் என்ற சர்ஃபிங் இடத்தில் இறங்கிய முதல் வாரம் ஓர் அலையைக்கூட ஒழுங்காகப் பிடிக்கவில்லை. நம் கரையில் உள்ளூர்க் காற்று கிளப்பும் அலைகள் 7, 8 விநாடிக்கு ஒன்றாக வரும். அங்கே தென்சமுத்திரத்திலிருந்து வரும் அலைகளுக்கு இடையே 13, 14 விநாடி இருக்கும். 8 விநாடி அலைக்கு ஆழ்கடலில் நீளம் சுமார் 100 மீட்டர், 14 விநாடி அலைக்கு 300 மீட்டர். பார்க்க ஒரே உயரமாகத் தெரிந்தாலும் பின்னால் வரும் தண்ணீரும் வேகமும் வேறு. போதாததற்கு, கச்சான் காற்று கரையிலிருந்து முகத்தில் அடிக்கும். லேசான எபாக்ஸி போர்டு அலையின் உச்சியிலேயே தொங்கி நிற்கும். எழுந்து நிற்பதற்குள் அலை செங்குத்தாகிவிடும், போர்டின் முன்நுனி (நோஸ்) தண்ணீரில் குத்தி விழுவோம். என் விழுதல்களில் பாதிக்கு மேல் இப்படித் தாமதமாக எழுந்ததால்தான்.

பெரிய அலைக்குச் சின்ன, வேகமான போர்டுதான் வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். காணொளிகளில் பார்ப்பது அதைத்தான். அவர்களுடைய தோள் வலு வேறு. நமக்கு, அலை நிமிர்வதற்கு முன்பே உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும் போர்டுதான் பாதுகாப்பான போர்டு.

அதனால் மூன்றாவதாக வாங்கியது 6 அடி 8 அங்குல ஸ்டெப் அப், அதாவது பெரிய அலைக்கென்று சற்று நீளமாகச் செய்த போர்டு. பாலியூரித்தேன், 36 லிட்டர், வால் பக்கம் குறுகி உருண்டு முடியும் ரவுண்ட் பின். மூன்று வருடமாக இதுதான் கையில். கூடுதல் 8 அங்குலம் பேடிலில், அதாவது படுத்துக் கைகளால் துழாவும்போது, தெரிகிறது: மற்றவர்கள் ஆறு வீச்சு போடும் இடத்தில் நான் நான்கில் அலைக்குள் இருக்கிறேன். கனமாக இருப்பதால் காற்றிலும் சிலுசிலுப்பிலும் ஆடுவதில்லை. குறுகிய வால் செங்குத்தான சுவரில் பிடித்து நிற்கிறது. குறை உண்டு. சின்ன அலையில் திரும்பவே திரும்பாது, மரக்கட்டை மாதிரி இருக்கும். டக் டைவுக்கு முழு உடல் எடையையும் போட வேண்டும். கோவளத்தில் வருடத்துக்குப் பதினைந்து நாள்தான் இதற்கு வேலை. ஒரே ஒரு போர்டுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்காதீர்கள்.

போர்டைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது லீஷ், அதாவது காலையும் போர்டையும் இணைக்கும் கயிறு. இரண்டாவது வருடம் மெயின் பாயிண்டில் என் 5.5 மில்லிமீட்டர் லீஷ், காலில் கட்டும் பட்டைக்குப் பக்கத்திலேயே அறுந்தது. ஒன்றரை வருடம் பழையது. வெயிலில் காய்ந்து உள்ளே விரிசல் விட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அடுத்தடுத்து மூன்று அலை தலையில் விழுந்தது. கீழே பாறையும் கடல் முள்ளெலியும். கால் ஊன்றாமல், மல்லாந்து மிதந்தபடி, அலை உடையாத பக்கமாக நீந்திக் கரைசேர அரைமணி நேரம் ஆனது. இப்போது 7 அடி நீளம், 7 மில்லிமீட்டர் கனம். சீசனுக்கு ஒன்று மாற்றுகிறேன். நன்னீரில் அலசி நிழலில் தொங்கவிடுகிறேன். போர்டோடு இணைக்கும் சின்னக் கயிற்றையும் சேர்த்தே மாற்றுங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். லீஷைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. அலை இழுத்தால் விரல் போய்விடும்.

அன்று கரையில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து ஊரான பொத்துவில்லைச் சேர்ந்த படகுக்காரர் ஒருவர் சொன்னார்: "தம்பி, செட்டுல முதல் அலைக்குப் போகாதீங்க. தவறினா பின்னால வாறது எல்லாம் உங்க தலையிலதான்." செட் என்றால் அடுத்தடுத்து வரும் அலைக் கூட்டம். அதற்குப் பிறகு அதில் முதல் இரண்டு அலையை விட்டுவிடுகிறேன். விழும்போது தலைகுப்புறப் பாயாமல் தட்டையாக விழுகிறேன். மேலே வரும்போது முதலில் வருவது கைகள், அதற்குப் பிறகே தலை. போர்டு எங்கே இருக்கிறது என்று அப்போது தெரியாது.

இறங்குவதற்கு முன் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பைப் பார்க்கிறேன். உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது, விநாடி இடைவெளியையும் பாருங்கள். உயரம் இரட்டித்தால் அலையின் ஆற்றல் நான்கு மடங்கு. காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் தொலைவிலிருந்து வரும் கள்ளக்கடல் எனப்படும் திடீர்ப் பேரலை கரையை அறையும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது இப்படி ஓர் எச்சரிக்கை நிலவிய நாளில்தான். அவர்கள் சர்ஃபிங் செய்ய வந்தவர்கள் அல்ல. அன்றிலிருந்து எச்சரிக்கை வந்த நாளில் நான் போர்டைக் காரிலிருந்து இறக்குவதில்லை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்களுக்கும் முதல் நாளே சொல்லி, அந்த முன்னறிவிப்புப் பக்கத்தை அவர்கள் போனில் திறந்து வைத்துக் கொடுத்தேன்.