சருகுக்குச் சின்ன டிராக்டர்: சில வருட அனுபவம்

சின்ன டிராக்டர் வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது முன்னால் தொங்கும் லோடர் பக்கெட்டைத்தான். சருகை அதில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று ஒரு கணக்கு. சருகு விஷயத்தில் அந்தப் பக்கெட் கிட்டத்தட்ட வெட்டி. மண்ணோ விறகோ என்றால் இருநூறு கிலோவை அலட்டிக்கொள்ளாமல் தூக்குகிற வண்டி இது. அதே பக்கெட்டில் காய்ந்த சருகை நிரப்பினால் பதினைந்து கிலோ தேறினாலே அதிகம், அதிலும் ஒரு பங்கு போகிற வழியிலேயே பறந்துவிடும். சருகு படுத்தும் பாடு எடையால் இல்லை, அது அடைத்துக்கொள்ளும் இடத்தால். எந்த இணைப்புக்குக் காசு போடலாம், எதற்குப் போட வேண்டாம் என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

நான் இருப்பது அமெரிக்காவின் கனெக்டிகட்டில், ஹார்ட்ஃபோர்டுக்குக் கிழக்கே. இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான இடம், மூன்று பக்கமும் காடு. ஒரு காலத்தில் இந்தக் காடெல்லாம் வயலாக இருந்தது. உழும்போது கிளம்பிய கற்களை அந்தக்கால விவசாயிகள் எல்லையில் அடுக்கிவைத்த சுவர்கள் இன்னும் மரங்களுக்கு நடுவே ஓடுகின்றன. வாடைக்காற்றில் பறக்கும் சருகு முழுக்க அந்தக் கல்சுவர் ஓரமாகத்தான் வந்து சேரும். மேப்பிள் அக்டோபர் நடுவிலேயே கொட்ட ஆரம்பித்துவிடும். ஓக் நவம்பர் கடைசி வரை இழுத்தடிக்கும். இளம் பீச் (beech) மரங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பழுத்த இலையை வசந்தம் வரை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆக, ஒரே சனிக்கிழமையில் முடித்துவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைத்த பிறகு, மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வேலைக்குப் போகிறவனுக்கு வார இறுதியை விட்டால் வேறு வழி இல்லை.

எரித்துவிடலாமே என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். இங்கே அது நடக்காது. குப்பை வண்டியும் எடுக்காது. கனெக்டிகட்டில் இலை என்பது கட்டாயம் மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பொருள்.

வண்டியைப் பற்றி. இங்கே சப்-காம்பேக்ட் என்று, டிராக்டரிலேயே ஆகச் சின்னதாக ஒரு வகை உண்டு. குபோட்டா பிஎக்ஸ் வரிசை, ஜான் டீர் 1 வரிசை, மாஸி பெர்குசன் ஜிசி, மஹிந்திரா ஈமேக்ஸ் எல்லாம் அந்தக் கூட்டம்தான். மாஸி பெர்குசன் என்றதும் நம் ஊர் டாஃபே வண்டி ஞாபகம் வரும், ஆனால் இந்தக் குட்டி ரகத்தைச் செய்து தருவது ஜப்பானின் இசெகி. என்னுடையது எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். மூன்று சிலிண்டர் டீசல், கியர் மாற்ற வேண்டியில்லாத ஹைட்ரோஸ்டாட் மிதி, வயிற்றுக்கடியில் 60 அங்குலப் புல்வெட்டும் டெக், 25 குதிரைத்திறனுக்கு ஒரு மயிரிழை கீழே. இந்த ‘ஒரு மயிரிழை’க்குக் காரணம் உண்டு. அமெரிக்கப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 25 குதிரைத்திறனைத் தாண்டிய டீசல் எஞ்சினுக்குக் கடுமையாகிவிடுகின்றன. அதனால் தாண்டிய வண்டிகளில் பெரும்பாலும் புகைக்கரி வடிகட்டி ஒன்று வந்துவிடும். அந்தக் கரியை எரிப்பதற்காக அது அவ்வப்போது தன்னைத்தானே சூடேற்றிக்கொள்ளும். காய்ந்த சருகுத் தூளுக்கு நடுவே நாள் முழுக்க ஓட்டுகிறவனுக்கு அந்தச் சூடு இல்லாத வண்டியே நல்லது.

முதலில் வாங்கியது பின்னால் இழுத்துப்போகும் ஸ்வீப்பர். சக்கரம் உருள உருள பிரஷ் சுழன்று, சருகை வாரித் துணித்தொட்டிக்குள் தள்ளும். மோட்டாரும் கிடையாது, பெட்ரோலும் வேண்டாம். விலை சில நூறு டாலர்தான். சருகு மொறுமொறுவென்று காய்ந்திருந்தால் அழகாக வாரும். பனி ஈரம் கொஞ்சம் இருந்தாலும் பிரஷ் தேய்த்துவிட்டுப் போகுமே தவிர இலை ஒட்டினபடியே கிடக்கும். காலை பதினொரு மணிக்கு முன்னால் வெளியே எடுப்பது வீண். பெரிய தொல்லை தொட்டிதான், ஒரு நீள ஓட்டத்திலேயே நிரம்பிவிடும். காலி செய்யக் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். கயிறு எட்டாமல் சீட்டிலிருந்து எழுந்தால், டெக் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதுகாப்பு சுவிட்ச் எஞ்சினை அணைத்துவிடும். அப்புறம் ஓக் கொட்டையும் சுள்ளியும் சிக்கிச் சிக்கி இரண்டாவது சீசனிலேயே பிரஷ்ஷைச் சுழற்றும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துபோனது. உதிரி பாகம் வந்து சேர்வதற்குள் பனியே விழுந்துவிட்டது. இப்போது ஸ்வீப்பர் வீட்டு முன்பக்கத்துக்கு மட்டும்.

டெக்கிலிருந்து குழாய் வழியாகப் பின்பக்கப் பைக்கு இழுக்கும் வசதியை எனக்குத் தெரிந்தவர் ஒருவர் வைத்திருக்கிறார். ஓட்டிப் பார்த்தேன். ஈரச் சருகென்றால் குழாய் அடைத்துக்கொள்கிறது. அடைப்பெடுக்க இறங்குவதும் ஏறுவதுமாகவே பொழுது போய்விடுகிறது.

கடைசியில் நிலைத்தது அரைப்பதுதான். அள்ளுகிற நினைப்பையே விட்டுவிட்டு, டெக்கில் மல்ச்சிங் பிளேடு மாட்டிச் சருகை அங்கேயே தூளாக்கிப் புல்லுக்குள் இறக்கிவிடுவது. கணுக்கால் உயரக் குவியல் விரற்கடை அளவாக அமுங்கிவிடும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புல்தரை ஆய்வாளர்கள் பல வருடம் இதைச் செய்து பார்த்து, புல்லுக்குக் கெடுதல் இல்லை, டேன்டிலயன் களைகூடக் குறைகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். என் அனுபவமும் அதுதான், ஆனால் மேப்பிளுக்குத்தான் அந்தப் பேச்சு சரியாகப் பொருந்தும். ஓக் இலை தோல் மாதிரி தடித்தது. ஒரு தடவையில் அது தூளாகாது, குறுக்காக இன்னொரு தடவை ஓட்ட வேண்டும்.

ஓட்டுவதில் சில நுணுக்கம் இருக்கிறது. என் டெக் அரைத்ததை வலப்பக்கம் துப்பும். அதனால் வெளி ஓரத்தில் தொடங்கிக் கடிகாரம் சுற்றும் திசையில் போனால், துப்புவது எல்லாம் உள்பக்கமாக, இன்னும் அரைக்காத சருகின்மேல் விழும். அடுத்த சுற்றில் அது மறுபடி அரைபடும். இலை அளவாக இருக்கும்போது இது போதும். நவம்பர் நடுவில் மேப்பிளும் ஓக்கும் சேர்ந்து கொட்டியிருக்கும்போது இதே திசையில் போனால், நடுவில் வரவர மேடு கட்டி டெக் திணறும். அப்போது வீட்டுப் பக்கம் தொடங்கி எதிர்த்திசையில் சுற்றி, எல்லாவற்றையும் வெளியே காட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டே போகிறேன். டெக்கை உயர்த்தி, எஞ்சினை முழு வேகத்தில் வைத்து, மிதியை மட்டும் மெல்ல அழுத்த வேண்டும். பிளேடு வேகம் குறைந்தால் அரைபடாது, கிழிபடும். போன மழையில் கிளம்பிய கல் எதுவும் சருகுக்கடியில் ஒளிந்திருக்கிறதா என்று ஒரு கண் வைத்தே ஓட்ட வேண்டும். இந்த மண்ணில் கல் வருடாவருடம் முளைக்கும்.

இதற்குக் கொடுக்கும் விலை தூசி. முகத்துக்கு என்95 இல்லாமல் நான் உட்காருவதே இல்லை, சருகுத் தூளில் பூஞ்சணமும் சேர்ந்தே வரும். வண்டிக்கும் அதே கதி. ரேடியேட்டருக்கு முன்னால் கழற்றி மாட்டும் வலை ஒன்று உண்டு. வறண்ட நாளில் அரை மணி நேரத்தில் அதன்மேல் பழுப்பாக ஒரு கம்பளி படிந்துவிடும். வெப்ப முள் ஏற ஆரம்பித்த பிறகு இறங்குவதைவிட, ஏறாதபோதே இறங்கித் தட்டிவிட்டு வருவது நல்லது. சைலன்சர் பக்கமும் டெக்கின் மேல்மூடிக்கு அடியில் பெல்ட் ஓடும் இடத்திலும் காய்ந்த சருகு திணிந்து கிடக்கும். தீ பிடிக்க அது போதும். இலை ஊதும் ப்ளோவரால் எல்லா இடத்தையும் ஊதாமல் வண்டியை ஷெட்டுக்குள் விடுவதில்லை.

சரிவு இருக்கிற இடமென்றால் ஒன்று சொல்ல வேண்டும். ஈரச் சருகு மூடிய புல் சோப்புப் போட்ட தரைதான். இந்த ரக வண்டிகளில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும். இறக்கத்தில் எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரம் லேசாகிவிட்டால், மிதித்தும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். நாலு சக்கர இயக்கத்தைப் போட்டுவிட்டால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். ஏற்றத்துக்குத்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கு இறக்கத்தில்தான் அதிகம் உதவியிருக்கிறது. லோடரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினால் முன்கனமும் குறையும், மரத்தடியில் திருப்பவும் சுலபம். தலைக்குமேல் இருக்கும் பாதுகாப்புக் கம்பியை மடக்காமல், சீட் பெல்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள். கிளை இடிக்கிறது என்று கம்பியை மடக்கிவிடுவார்கள். கிளையை வெட்டுங்கள்.

காட்டோரத்துக்கு ஒதுக்கிய சருகை நான் தொடுவதில்லை. மின்மினியும் அந்துப்பூச்சியும் பனிக்காலத்தைக் கழிப்பது அதற்குள்தான் என்பது ஒரு காரணம். இன்னொன்று உண்ணி. லைம் நோய் என்ற பெயரே இந்த மாநிலத்து லைம் என்ற ஊரிலிருந்து வந்தது. அதைப் பரப்பும் மான் உண்ணிக்குச் சருகு மூடிய காட்டோரம்தான் பிடித்த இடம், அக்டோபர் நவம்பரில் வளர்ந்த உண்ணி சுறுசுறுப்பாகவே திரியும். புல்தரைக்கும் காட்டுக்கும் நடுவே மூன்றடி அகலத்துக்கு மரச்சீவல் பரப்பச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். பரப்பியிருக்கிறேன். அந்த ஒரு வேலைக்கு மட்டும் லோடர் பக்கெட் அமர்க்களமாக உதவியது. வேலை முடிந்ததும் போட்டிருந்த துணியை நேராக டிரையரில் போட்டு நல்ல சூட்டில் பத்து நிமிடம் ஓட்டிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

புதிதாக வாங்கினால் லோடரும் டெக்கும் சேர்த்து இருபதாயிரம் டாலர் சுமாருக்கு வரும். சருகுக்காக மட்டும் இதை வாங்காதீர்கள், ஒரு ஏக்கருக்குக் கீழே என்றால் மல்ச்சிங் பிளேடு போட்ட சாதாரண ரைடிங் மோவர், அதாவது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி, தாராளம். பனி தள்ளவும் மண் அள்ளவும் விறகு இழுக்கவும் வருடம் முழுக்க வேலை இருந்தால்தான் கணக்கு ஒத்துவரும். பழைய வண்டி பார்க்கப் போனால் மணிக்கணக்கு மீட்டரைப் பார்ப்பதோடு நிற்காமல் ரேடியேட்டர் வலையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே பழைய சருகுத் தூள் மண்ணாக இறுகிக் கிடந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அது எந்த அளவுக்குச் சூடேறி ஓடியிருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரிந்திருக்காது.