வென்ஃப்ளான் போடக் கற்றுத்தர எந்த வீடியோ நல்லது?

பத்து மாணவர்கள் ஒரு கட்டிலைச் சுற்றி நின்றால், நோயாளியின் கையில் ஊசி இறங்குவது முன்னால் நிற்கும் மூன்று பேருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் என் முதுகைப் பார்த்துவிட்டுப் போவார்கள். வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் ஊசியோடு செருகி, ஊசியை எடுத்த பின் விட்டுவைக்கும் பிளாஸ்டிக் குழாய்), ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே வயிற்றுக்குள் விடும் குழாய்), சிறுநீர்க் குழாய் என்று எந்தக் கைவேலையைச் சொல்லிக்கொடுத்தாலும் இதுதான் நிலை. எங்கள் மருத்துவக் கல்லூரியில் ஒரு வகுப்பில் 150 பேர். வீடியோ பக்கம் நாங்கள் போனதற்குக் காரணம் அதுவே.

எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. வெளியிலிருந்து படப்பிடிப்புக் குழுவை வரவழைத்து, விளக்குப் போட்டு, பின்னணிக் குரல் சேர்த்து, ஒரு கைவேலைக்கு இருபது நிமிடப் படம் எடுப்பது ஒன்று. துறையில் இருப்பவர்களே போனில் இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாக எடுத்துக்கொள்வது மற்றொன்று. 2014-ல் முதல் வழியில் போனோம். 2020-ல் கொரோனாவுக்காகக் கல்லூரியை மூடி மாணவர்கள் ஊருக்குப் போனபோது, வேறு வழியில்லாமல் இரண்டாவதைத் தொட்டோம். இன்று வரை அதை விடவில்லை.

யூடியூபில் ஏற்கெனவே இருப்பதைக் காட்டினால் போதாதா என்று கேட்பார்கள். வகுப்புக்கு முன்தயாரிப்பாகப் பார்க்க அது போதும். ஆனால் அங்கே காட்டும் ட்ரேயும் பிளாஸ்டரும் எங்கள் வார்டில் இருப்பவை அல்ல. நோயாளியிடம் பேசும் பேச்சும் நம்முடையது அல்ல. "அம்மா, ஊசி போடப்போறேன், லேசா சுருக்குன்னு இருக்கும், கையை இழுத்துடாதீங்க" என்று சொல்வதும் கைவேலையில் ஒரு பகுதிதான். அதைத் தமிழில்தான் பழக வேண்டும்.

ஒளி, ஒலி, துல்லியம் மூன்றிலும் ஸ்டூடியோ படம் மேல். செலவில் போன் மேல். இதை நீட்ட வேண்டியதில்லை.

கோணத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டூடியோ படத்தில் கேமரா எனக்கு எதிரே நின்றது. முகமும் கையும் சேர்ந்து தெரிந்தன, பார்க்க அழகாக இருந்தது. ஆனால் மாணவருக்கு எல்லாமே இடவலம் மாறித் தெரிந்தது. போனை என் தோளுக்கு மேலே ஸ்டாண்டில் மாட்டி எடுத்தபோது, என் கண்ணுக்குத் தெரிவதே அவர்களுக்கும் தெரிந்தது. வென்ஃப்ளான் போடுவதில் மாணவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. ஊசியின் பின்னால் இருக்கும் சிறு அறையான சேம்பரில் ரத்தம் தெரிந்ததுமே "வந்துடுச்சு மேடம்" என்று குழாயைத் தள்ளுவார்கள். அடுத்த நொடி கை வீங்கி "அவுட் ஆயிடுச்சு" என்பார்கள். ஊசியின் முனை பிளாஸ்டிக் குழாயின் முனைக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. ரத்தம் தெரியும்போது ஊசி ரத்தக்குழாய்க்குள் போயிருக்கும், பிளாஸ்டிக் முனை இன்னும் வெளியே இருக்கும். அப்போது கோணத்தைத் தாழ்த்தி, முழுவதையும் இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே கொண்டுபோய், அதன் பிறகே ஊசியை நிறுத்திக் குழாயை மட்டும் நகர்த்த வேண்டும். ஸ்டூடியோ படத்தில் இந்த நொடி வெட்டில் போய்விட்டது. ரத்தம் தெரிந்தது, அடுத்த காட்சியில் பிளாஸ்டர் ஒட்டினோம். எங்கள் துண்டில் இதற்கு மட்டுமே ஒரு நிமிடம் கொடுத்திருக்கிறோம்.

இருந்தாலும் என் முடிவைத் தீர்மானித்தது கோணம் இல்லை, பராமரிப்பு. கல்லூரியில் யாரும் முதலில் யோசிக்காத விஷயம் இது. படம் எடுத்து முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். மருத்துவத்தில் எடுத்த நாளிலிருந்தே அது பழசாகத் தொடங்கிவிடும்.

எங்கள் 2014 படத்தில், வேலை முடிந்ததும் ஊசியை நீல நிறப் பெட்டியில் போட்டேன். அன்றைய விதிப்படி அது சரி. 2016-ல் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் மாறின. கூர்மையான பொருட்களுக்குத் துளைபடாத வெள்ளைப் பெட்டி என்றும், நீலம் கண்ணாடிக்கு என்றும் ஆனது. ஐந்து நொடிக் காட்சிதான் தவறு. ஆனால் அதை மாற்ற அதே குழு, அதே விளக்கு, அதே குரல் வேண்டும். மூன்றும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பேட்சுக்கும் படத்தைப் போட்டுவிட்டு, "கடைசியில் காட்டும் பெட்டியை மறந்துவிடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்ததை வாயால் அழிக்க முடியாது. பயிற்சி மருத்துவர்களாக வார்டுக்கு வந்த பிறகும் சிலர் நீலப் பெட்டியைத்தான் தேடினார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. தவறான பெட்டியில் விழும் ஊசி, குப்பை எடுக்க வரும் தொழிலாளியின் கையில்தான் குத்தும்.

ரத்த அழுத்தம் பார்க்கும் படத்திலும் இதே நிலை. பாதரச மீட்டரை வைத்து எடுத்திருந்தோம். பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2017-ல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் வார்டுகளிலும் வட்ட டயல் கருவியும் டிஜிட்டலும் வந்துவிட்டன. படத்தில் இருக்கும் உயரமான பெட்டியை மாணவர்கள் நேரில் பார்த்ததே இல்லை.

நின்றுபோன இதயத்துக்குச் செய்யும் முதலுதவியான சிபிஆர் இன்னும் வேகமாக மாறியது. அமெரிக்க இதயச் சங்கம் 2010-ல் வரிசையையே மாற்றி, மூச்சுப்பாதையைத் திறப்பதற்கு முன்னால் நெஞ்சு அழுத்தத்தை வைத்தது. அப்போது ஆழம் குறைந்தது 5 செ.மீ., வேகம் நிமிடத்துக்குக் குறைந்தது 100. 2015-ல் இரண்டுக்கும் மேல் எல்லை வந்தது: 6 செ.மீ.க்கு மேல் வேண்டாம், 120-ஐத் தாண்ட வேண்டாம். ஒரே நீளப் படமாக வைத்திருந்தால் ஒரு எண்ணுக்காக இருபது நிமிடத்தையும் தூக்கிப்போட வேண்டியிருக்கும். துண்டாக இருந்தால் ஆழத்துக்கு ஒன்று, கை வைக்கும் இடத்துக்கு ஒன்று என்று இருக்கும். பழுதானதை மட்டும் ஒரு மதியவேளையில் திரும்ப எடுக்கிறோம்.

போன் துண்டிலும் பராமரிப்புச் சிக்கல் உண்டு, மறைக்க மாட்டேன். சின்ன வீடியோ என்பதால் வாட்ஸாப்பில் சுற்றும். நாம் மாற்றினாலும் பழைய பிரதி சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு துண்டின் முதல் காட்சியிலும் எடுத்த மாதத்தையும் ஆண்டையும் பெரிதாக எழுதி வைக்கிறோம், பகிர்வதும் ஒரே லிங்க்தான். நோயாளிகளைப் படம் எடுப்பதில்லை. யாராவது பிறகு சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் சுற்றிக்கொண்டிருக்கும் பிரதிகளை எப்படி அழிப்பது? பயிற்சி பொம்மையான மேனிகினின் கையிலும் எங்கள் சகாக்களின் கையிலும்தான் எடுக்கிறோம்.

எங்கே இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றைத் தொட்டுக் கல்லீரல் விளிம்பை உணர்வதை எந்த வீடியோவாலும் சொல்லித்தர முடியவில்லை. கையை வைக்கும் இடம் தெரியும், விரலில் தட்டுவது தெரியாது. தையல் போடுவதில் எனக்கு அனுபவம் குறைவு. முடிச்சுக்குப் போன் போதும் என்று தோன்றுகிறது, ஆனால் அறுவை சிகிச்சைத் துறையினர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். பிரசவ அறைக் கைவேலைகளை நாங்கள் முயன்றதே இல்லை.

எந்த வீடியோவாக இருந்தாலும் அது முதல் படிகளுக்குத்தான். 2019-ல் சேர்ந்த பேட்ச் முதல் வந்த புதிய பாடத்திட்டம், காட்டுவது, கவனிப்பது, உதவுவது, செய்வது என்று நான்கு படி வைத்திருக்கிறது. வீடியோ முதல் இரண்டைத் தாங்கும். கைவேலை பழகும் அறையான ஸ்கில்ஸ் லேபுக்கு மாணவர்கள் வரும்போது காட்டுவதில் நேரம் போகாமல், ஒவ்வொருவர் கையையும் பிடித்துத் திருத்த நேரம் கிடைக்கிறது. 150 பேரில் ஒருவரையும் விடாமல் பார்க்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

இப்போது தொண்டையில் உணவு அடைத்தால் செய்யும் முதலுதவியைத் திரும்ப எடுக்கிறோம். பெரியவர்களுக்கு வயிற்றை அழுத்துவதை மட்டும் சொல்லிவந்த அமெரிக்க வழிகாட்டுதல், 2025-ல் முதுகில் ஐந்து தட்டு, பிறகு வயிற்றில் ஐந்து அழுத்தம் என்று மாறியிருக்கிறது. பழைய துண்டை லிங்கிலிருந்து எடுத்தாயிற்று. வியாழன் மதியம் ஸ்கில்ஸ் லேப் காலி, முதுநிலை மாணவர் ஒருவர் அடைபட்டவராக நிற்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.