வெளிநாட்டுப் பார்சல்: எந்தத் தளம் சொல்வதை நம்பலாம்?

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் பார்சலை மூன்று இடத்தில் தேடலாம்: அனுப்பிய நாட்டின் தபால் தளம், பெறும் நாட்டின் தபால் தளம், எல்லாவற்றையும் திரட்டித் தரும் ஆப். பார்சல் எல்லை தாண்டியபின் என் ஓட்டு பெறும் நாட்டுத் தளத்துக்கே.

பலர் அங்கே போவதே இல்லை. பார்சலைத் தேடப் பயன்படும், எழுத்தும் எண்ணுமாக 13 இடம் கொண்ட கண்காணிப்பு எண்ணின் கடைசி இரண்டு எழுத்துகள் அனுப்பிய நாட்டைக் குறிப்பதால், அந்த நாட்டுத் தளமே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். முதல் பாதிக்கு அது போதும்தான். 'லேபிள் உருவாக்கப்பட்டது' என்றால் தகவல் மட்டுமே வந்திருக்கிறது, பொருள் இன்னும் தபால்காரர் கைக்கு வரவில்லை. 'பரிமாற்ற அலுவலகத்திலிருந்து (வெளிநாட்டுத் தபாலைக் கையாளும் அலுவலகம்) புறப்பட்டது' என்றால் விமானம் ஏறிவிட்டது என்று அர்த்தமில்லை. பார்சலைப் பையில் போட்டுக் கட்டி அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பை மறுமுனையில் பிரிக்கப்படும்வரை உள்ளே இருக்கும் பார்சலைத் தனித்தனியாக யாரும் ஸ்கேன் செய்வதில்லை. நாள்கணக்கில் நிலை மாறாமல் நிற்பது இதனால்தான்.

பை பிரிந்தபின் ஸ்கேன் செய்வது பெறும் நாடு. அனுப்பிய நாட்டுக்கு அதிலிருந்து போவது சுருக்கமான நிகழ்வுக் குறியீடுதான். 'சுங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது' என்பது வழக்கமான படி, பதற வேண்டாம். 'சுங்கம் நிறுத்திவைத்துள்ளது' என்றால் வரியோ பில்லோ கேட்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு உடனே விசாரியுங்கள். இரண்டும் அனுப்பிய நாட்டுத் தளத்தில் ஒன்றுபோலத் தெரியக்கூடும். 'டெலிவரி முயற்சி தோல்வி'யும் அப்படித்தான்: வீடு பூட்டியிருந்ததா, முகவரி தவறா, எந்த அலுவலகத்தில் எதுவரை வைத்திருப்பார்கள் என்ற விவரத்தை உள்ளூர்த் தளத்தில்தான் தேட வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் பார்சல் திரும்பிப் போய்விடும். ஒன்று மட்டும்: எல்லா நாட்டுத் தளமும் ஒரே தரமில்லை, சிலவற்றில் பார்சல் உள்ளே வரும்வரை 'பதிவு இல்லை' என்றே வரும்.

ஆப் வசதிதான், மாற்றம் வந்தால் மணி அடிக்கும். ஆனால் இரு நாட்டு நேரத்தையும் கலந்து வரிசையைக் குழப்பும், ஒரே நிகழ்வை இருமுறை காட்டும், இயந்திர மொழிபெயர்ப்பால் 'ஒப்படைப்பு' 'டெலிவரி' ஆகிவிடும்.

தனியார் கூரியரில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லை. இரு முனையும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் அதன் தளம் போதும்.

பார்சல் காணாமலே போனால் மட்டும் கதை தலைகீழ். விசாரணை மனுவைப் பொதுவாக அனுப்பியவர்தான் தன் நாட்டுத் தபாலில் கொடுக்க வேண்டும். பதிவுத் தபாலுக்கும் பார்சலுக்கும் அனுப்பிய மறுநாளிலிருந்து 6 மாதம் கெடு.