பத்துப் புள்ளிக்கு ஒரு பகல்: ட்வைலைட் இம்பீரியம் நான்காம் பதிப்பு

ட்வைலைட் இம்பீரியம் பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுபவை 350-க்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் கப்பல்களும் காலாட்படை உருவங்களுமே. ஆகவே, இதை முதன்முறை பார்க்கும் எவரும் விண்வெளிப் போர் விளையாட்டு என்றே நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை ஒரு குண்டும் சுடாமல் எல்லையில் காவல் நின்றுவிட்டு, ஆட்டம் முடிந்ததும் பெட்டிக்குத் திரும்பிவிடும். வெற்றியைத் தீர்மானிப்பது மேசையைச் சுற்றி நடக்கும் பேச்சு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்ற பழமொழிக்கு, பலகை விளையாட்டுகளில் இதைவிடப் பொருத்தமான சான்றை நான் கண்டதில்லை. அதனால், இதை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, அவர்களோடு அமரப்போகும் மற்ற ஐந்து பேர் எப்படிப்பட்டவர்கள் என்பதைத்தான்.

கிறிஸ்டியன் பீட்டர்சன் இதன் முதல் பதிப்பை 1997-இல் தம்முடைய ஃபேன்டஸி ஃப்ளைட் நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார். இப்போது கடைகளில் கிடைப்பது 2017-இல் வந்த நான்காம் பதிப்பு. மூன்றாம் பதிப்பில் குவிந்துகிடந்த விருப்ப விதிகளில் பலவற்றைக் கழித்துவிட்டு, தொழில்நுட்பங்களைப் பெறுவதற்கான முன்தேவைகளை எளிமையாக்கி ஒழுங்குபடுத்தியதே இதன் பெரிய சாதனை. மூன்று முதல் ஆறு பேர் ஆடலாம், 17 இனங்களிலிருந்து ஆளுக்கொன்றைத் தேர்ந்தெடுக்கலாம், நான்கு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும் என்கிறது பெட்டி. இதில் நான்கு என்ற எண்ணை மறந்துவிடுவது நல்லது. ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணக்கிட்டு, அதோடு சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

கதை எளியது. விண்மண்டலத்தை ஆண்ட பேரரசு வீழ்ந்துவிட்டது. அதன் தலைநகரான மெக்கட்டோல் ரெக்ஸ் என்ற கோள் வரைபடத்தின் நடுவில் ஆளில்லாமல் கிடக்கிறது. விளிம்பில் அமர்ந்திருக்கும் இனங்கள் அடுத்த அரியணைக்குப் போட்டியிடுகின்றன. ஆறு பேர் ஆடும்போது வரைபடம் 37 அறுகோண அட்டைகளால் ஆனது. யார் முதலில் பத்துப் புள்ளிகளை எட்டுகிறாரோ அவரே வென்றவர். அந்தப் புள்ளிகள் கோள்களைக் கைப்பற்றுவதாலோ எதிரிகளை அழிப்பதாலோ தாமாக வந்துவிடுவதில்லை. எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவைக்கப்படும் இலக்கு அட்டைகளும், ஒவ்வொருவரும் மறைத்து வைத்திருக்கும் இரகசிய இலக்குகளுமே பெரும்பாலான புள்ளிகளைத் தருகின்றன. இத்தனை வளத்தைச் செலவிடு, ஒரே நிறத்தில் இத்தனை தொழில்நுட்பங்களைச் சேர் என்பதுபோலவே இலக்குகளில் பலவும் இருக்கும். மேசையில் பாதியைப் பிடித்தவர் நான்கு புள்ளியில் நிற்க, மூலையில் முடங்கியிருப்பவர் எட்டுப் புள்ளிக்குப் போவது இந்த ஆட்டத்தில் சாதாரணம். பிற போர் விளையாட்டுகளில் கைதேர்ந்தவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளத்தான் அதிகம் திணறுகிறார்கள்.

ஆட்டத்தின் இதயம் என்று நான் கருதுவது கட்டளை டோக்கன்களை. ஒவ்வொருவரும் எட்டு டோக்கன்களோடு தொடங்குகிறார்கள்: நகர்வுக்கு மூன்று, கப்பல்படையின் அளவுக்கு மூன்று, வியூகத்துக்கு இரண்டு. நகர்வு டோக்கனை ஓர் அறுகோணத்தில் வைத்தால் அங்கே கப்பல்களைக் கொண்டுவரலாம், சண்டையிடலாம், கோளில் இறங்கலாம், கப்பல் கட்டலாம். ஆனால் அதே டோக்கன் அங்குள்ள உங்கள் கப்பல்களைப் பொதுவாக அந்தச் சுற்று முடியும்வரை கட்டியும் போட்டுவிடும். படைக் குவியலில் எத்தனை டோக்கன்கள் இருக்கின்றனவோ, சிறு போர்விமானங்கள் நீங்கலாக அத்தனை கப்பல்களைத்தான் ஓரிடத்தில் நிறுத்த முடியும். சுற்றின் தொடக்கத்தில் எடுத்து ஒரு சிறப்புச் செயலுக்குப் பயன்படுத்துவது வியூக அட்டை; மற்றவர் எடுத்த அட்டையால் நாமும் சிறிது பயன்பெற வேண்டுமானால் மூன்றாவது குவியலிலிருந்து செலவிட வேண்டும். சுற்றின் முடிவில் சாதாரணமாகத் திரும்பக் கிடைப்பவை இரண்டே டோக்கன்கள். ஆகவே கப்பல் இருந்தும் நகர்த்த முடியாத, பணம் இருந்தும் கட்ட முடியாத நிலை அடிக்கடி வந்து சேரும். இத்தனை பெரிய ஆட்டத்தை இந்த ஒரு பற்றாக்குறைதான் இறுக்கமாகப் பிடித்துவைத்திருக்கிறது.

வியூக அட்டைகள் எட்டு. தலைமை, இராஜதந்திரம், அரசியல், கட்டுமானம், வணிகம், போர், தொழில்நுட்பம், பேரரசு என்று ஒன்று முதல் எட்டு வரை எண் இடப்பட்டவை. ஆறு பேர் ஆடினால் சுற்றுக்கு ஆளுக்கொன்று. எவரும் எடுக்காத அட்டைகளின் மேல் ஒவ்வொரு வணிகப் பொருள், அதாவது ஆட்டத்தின் பணம், ஏறும். அடுத்த சுற்றில் அந்த ஈர்ப்பே யாரையாவது எடுக்க வைக்கும். இவற்றில் ஐந்தாம் எண் கொண்ட வணிக அட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விளையாட்டின் குணம் அதில்தான் முழுமையாகத் தெரிகிறது.

ஒவ்வோர் இனத்துக்கும் குறிப்பிட்ட அளவு சரக்கு உண்டு. அந்தச் சரக்கு உரியவரின் கையில் இருக்கும்வரை அதைக் கொண்டு எதையும் வாங்க முடியாது. இன்னொருவரிடம் கொடுத்த கணமே அது அவருக்குச் செலவிடத்தக்க பணமாக மாறிவிடுகிறது. அதாவது, அக்கம்பக்கத்தில் இருக்கும் இருவர் ஆளுக்கு மூன்று சரக்கை மாற்றிக்கொண்டால், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து இருவருமே மூன்று மூன்று பணம் பெற்றுவிடுவார்கள். சண்டை போடாமல் இருப்பதற்கான கூலியை விதியே கொடுத்துவிடுகிறது. வணிக அட்டையை எடுத்தவர், தாம் விரும்பும் எவருடைய சரக்கையும் டோக்கன் செலவில்லாமல் நிரப்பிக்கொள்ள அனுமதிக்கலாம். எங்கள் மேசையில் இந்தக் கட்டத்தில் நடக்கும் உரையாடல் அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

"உனக்கு ஓசியில நிரப்பித் தரேன், எனக்கு ஒண்ணு வெட்டு."

"ஒண்ணா? அதுக்கு நானே டோக்கன் போட்டு நிரப்பிக்குவேன்."

"போட்டுக்கோ. அடுத்து டெக்னாலஜி அட்டை வரும்போது யார்கிட்ட டோக்கன் கடன் வாங்குவ?"

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடையாது. டோக்கனை யாரும் யாருக்கும் கடன் தர முடியாது. ஒரு சரக்கு கைமாறும், மற்ற நால்வரும் அதே விலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். சிங்க முகம் கொண்ட ஹக்கான் இனத்தார் எல்லை தொடாதவர்களோடும் வணிகம் செய்யும் உரிமை பெற்றவர்கள் என்பதால், அந்த இனத்தை எடுத்தவர் அன்று முழுவதும் தரகராகவே வாழ்வார். உடனே நிறைவேற்றக்கூடிய பேரங்கள் மட்டுமே கட்டுப்படுத்தும். எதிர்காலத்துக்கான வாக்குறுதியை மீறலாம் என்று விதிப்புத்தகமே அனுமதிக்கிறது. இதை ரசிப்பவர்களும் உண்டு, மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு.

போர் விதிகள் குறையில்லாதவை, ஆனால் அவற்றில் புதுமை இல்லை. பத்து முகப் பகடையை உருட்ட வேண்டும். நான்கு வளத்தில் கட்டப்படும் ட்ரெட்நாட் கப்பல் ஐந்தோ அதற்கு மேலோ விழுந்தால் அடிக்கும். பன்னிரண்டு வளம் விழுங்கும் வார் சன் என்ற பெருங்கப்பல் மூன்று பகடைகளை உருட்டி, மூன்றிலிருந்தே அடிக்கத் தொடங்கும். இருவர் மோதினால் இலாபம் வேடிக்கை பார்த்த மூன்றாமவருக்குப் போய்ச் சேரும் என்பதால் போர் பெரும்பாலும் மிரட்டலாகவே நின்றுவிடுகிறது. இதில் எனக்குப் பிடித்த வினோதம், போரே பேரப் பொருளாகிவிடுவது. ஒருவருடைய இரகசிய இலக்கு ஒரு விண்போரில் வெல்ல வேண்டும் என்று கேட்டால், அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் வந்து, ஒரு பழைய டெஸ்ட்ராயரை வெளியே நிறுத்திவையுங்கள், அடித்துக்கொள்கிறேன், இரண்டு பணம் தருகிறேன் என்று கேட்பார். பெரும்பாலும் கிடைத்தும் விடும்.

மெக்கட்டோல் ரெக்ஸில் முதலில் இறங்குபவர், தம் கோள்களில் குறிக்கப்பட்டிருக்கும் செல்வாக்கு எண்களிலிருந்து ஆறைச் செலவிட்டு அங்குள்ள காவலர் டோக்கனை அகற்றி ஒரு புள்ளி பெறுகிறார். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மன்றம் கூடும். இரண்டு தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வரும். கோள்களின் செல்வாக்கே வாக்கு. நான் குறை சொல்லும் இடம் இதுதான். சில தீர்மானங்கள் ஆட்டத்தையே புரட்டிப்போடும், சில எவருக்கும் பொருட்டே இல்லாதவை, எது வரும் என்பது பெரும்பாலும் அட்டைக்கட்டின் விருப்பம். ஆறாம் மணி நேரத்தில், பொருட்டில்லாத தீர்மானம் ஒன்றுக்கு ஆறு பேரும் வரிசையாக யோசித்து வாக்களிக்கும்போது பொறுமை கரைந்துவிடும். வாக்கை அரை நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்று நேரம் வைப்பது பயன்தரும்.

இறுதிச் சுற்றைப் பற்றி எச்சரிக்க வேண்டும். சுற்று முடிவில் வியூக அட்டையின் எண் வரிசைப்படியே புள்ளி எடுக்கப்படுகிறது. இருவர் ஒன்பது புள்ளியில் நின்று, இருவருமே ஓர் இலக்கை முடித்து வைத்திருந்தால், தலைமை அட்டை வைத்திருப்பவர் வென்றுவிடுவார். தொழில்நுட்பத்தை வைத்திருப்பவருக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது. எட்டாம் எண் பேரரசு அட்டையோ சுற்றின் நடுவிலேயே ஒரு பொது இலக்கை எடுக்கவும், மெக்கட்டோல் ரெக்ஸ் கையில் இருந்தால் மேலும் ஒரு புள்ளி பெறவும் வழிவிடுகிறது. ஆகவே கடைசிச் சுற்றில் அட்டை தேர்ந்தெடுக்கும் நிமிடங்களே அன்றைய தினத்தின் உச்சம். அதே வேளையில், தாம் வெல்ல வாய்ப்பில்லாத ஒருவர் யாரைத் தடுப்பது என்று தேர்ந்தெடுப்பதன் வழியாக வெற்றியாளரை முடிவு செய்துவிடும் நிலையும் இங்கேதான் எழுகிறது. எட்டு மணி நேர உழைப்பு அடுத்தவரின் மனநிலையில் தொங்குவதை ஏற்க முடியாதவர்கள் இந்த விளையாட்டிலிருந்து விலகி இருப்பதே மேல்.

ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் உறுதிச்சீட்டுகளில் ஒன்றான அரியணைக்கு ஆதரவும் இதோடு சேர்ந்த சிக்கல். அதை ஒருவரிடமிருந்து பெற்றால் ஒரு புள்ளி. அவருடைய படை இருக்கும் இடத்தை நோக்கி நகர்ந்தால் சீட்டும் புள்ளியும் போய்விடும். இருவர் இதை மாற்றிக்கொண்டால் ஆளுக்கொரு புள்ளியும் அசையாத எல்லையும் உறுதி. இது ஆட்டத்தைச் சுவையற்றதாக்குகிறது என்பது என் கருத்து. பரஸ்பர மாற்றத்தைத் தடைசெய்து, ஒருபக்கமாகத் தருவதை மட்டும் அனுமதிக்கும் வீட்டு விதியோடு ஆடும்போது அந்தச் சீட்டுக்கு உண்மையான விலை பிறக்கிறது.

இனங்களின் வேறுபாடு பெயரளவில் இல்லை. ஜோல்-நார் நான்கு தொழில்நுட்பங்களோடு தொடங்கும், ஆனால் சண்டையில் அதன் ஒவ்வொரு பகடையிலும் ஒன்று குறையும். சார் இனத்தின் கப்பல் தளங்கள் மிதந்து நகரும். முவாட் முதல் சுற்றிலேயே வார் சன் வைத்திருக்கும். நெக்ரோ வைரஸால் மன்றத்தில் வாக்களிக்கவே முடியாது. புதியவர்களுக்கு மனித இனமான சோல், ஹக்கான், லெட்னெவ் ஆகியவை ஏற்றவை. வரைபடத்தை எல்லோரும் சேர்ந்து கட்டும் முறை அழகானது என்றாலும் நேரத்தைத் தின்னும். முன்பே ஒருவர் அமைத்துவைத்த வரைபடத்தில் ஆடினால் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

கற்றுக்கொள்ள இரண்டு புத்தகங்கள் வருகின்றன. ஒன்று படிப்படியாகச் சொல்லித் தருவது, மற்றொன்று தலைப்புகளை எழுத்து வரிசையில் தொகுத்தது. இரண்டாவது புத்தகம் ஒரு முன்மாதிரி; சந்தேகம் வந்தால் நொடியில் தீர்த்துவிடலாம். ஆட்ட நாளன்று காலையில் விதி சொல்லித் தரத் தொடங்கினால் அரை நாள் போய்விடும், எனவே எல்லோரும் முந்தைய வாரமே படித்துவிட்டு வர வேண்டும். நான்கு பேர் சாப்பிடும் மேசை போதாது. வரைபடத்தைச் சுற்றி ஒவ்வொருவரின் இனப் பலகையும் அட்டைகளும் கப்பல்களும் இடம் கேட்கும். மதியச் சாப்பாட்டை முன்னதாகவே சொல்லிவைப்பதும், நடுவில் எவரும் கிளம்ப மாட்டார்கள் என்று உறுதி செய்வதும் விதிப்புத்தகத்தில் எழுதப்படாத விதிகள். ஒருவர் பாதியில் எழுந்து போனால் அவருடைய எல்லைகள் மட்டுமல்ல, அவரோடு பேசிவைத்த பேரங்களும் சரிந்துவிடும்.

2020-இல் வந்த ப்ராஃபசி ஆஃப் கிங்ஸ் விரிவாக்கம் ஏழு இனங்களைச் சேர்த்து மொத்தத்தை 24 ஆக்குகிறது. எல்லா இனங்களுக்கும் தலைவர்களையும், கோள்களை ஆராயும் அட்டைகளையும், எட்டுப் பேர்வரை ஆடும் வசதியையும் தருகிறது. தலைவர்கள் வந்த பிறகு அவர்கள் இல்லாமல் ஆடுவது வெறுமையாகத் தோன்றுகிறது. எட்டுப் பேர் ஆட்டத்தை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், காத்திருப்பே ஆட்டமாகிவிடும்.

இத்தனை நேரம் இல்லாதவர்களுக்குப் பின்லாந்தைச் சேர்ந்த டோகோ தஹ்கோகல்லியோ வடிவமைத்த எக்லிப்ஸ் இருக்கிறது. 2020-இல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பு எட்டே சுற்றுகளில் முடிந்துவிடும்; கப்பலின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி நாமே வடிவமைக்கலாம்; நிலப்பரப்பு பெருகப் பெருகச் செலவும் ஏறும் கணக்கு அபாரமானது. கப்பலும் போரும் வேண்டுபவர்கள் தயங்காமல் அதை வாங்கலாம். அதில் இல்லாதது பேரம்தான்.

ட்வைலைட் இம்பீரியத்தின் விலை கனமானது. ஒரு குழுவுக்கு ஒரு பெட்டி போதும் என்பதால் ஆறு பேர் பங்கு போட்டு வாங்குவதே நியாயம். அதற்கும் முன்பு, கணினியில் பலகை விளையாட்டுகளை ஆட உதவும் டேபிள்டாப் சிமுலேட்டர் மென்பொருளை வைத்திருப்பவர்கள், ஆர்வலர்கள் அதில் அமைத்துள்ள வடிவத்தில் ஒருமுறை முழு ஆட்டமாக ஆடிப் பார்க்கலாம். விரிவாக்கத்தை உடனே வாங்க வேண்டியதில்லை. அதே ஆறு பேரும் மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டு வந்த பிறகு வாங்கினால் போதும்.